மதர்போர்டு ரெகுலேட்டரில் லேசர் எரியுமா?

கேள்வி: ரிச்சி தெருவில் எடைக்கு வாங்கிய பழைய மதர்போர்டு ஒன்று சும்மா கிடக்கிறது. பிராசஸருக்குப் பக்கத்தில் இருக்கும் பவர் பகுதியைக் கழற்றி, டிவிடி ரைட்டரில் எடுத்த சிவப்பு லேசர் டையோடை எரியவைக்கலாமா சார்?
– வாசகர், ஆவடி

பதில்: அந்த காயிலையும் மாஸ்ஃபெட் கூட்டத்தையும் விட்டுவிடுங்கள். ஒரு வோல்ட்டைச் சுற்றி பத்து இருபது ஆம்பியர் என்று பிராசஸருக்குக் கொட்டும் ஏற்பாடு அது. வோல்டேஜைத்தான் பிடித்து வைக்கும், கரண்டை அல்ல. லேசர் டையோடோ சூடேறினால் அதே வோல்டேஜில் கூடுதல் கரண்ட் இழுக்கும், இழுத்ததில் இன்னும் சூடாகும். அப்புறம் குப்பைக்கூடைதான்.

அதே போர்டில் மூன்று காலும் முதுகில் அகலத் தகடுமாக, 1117 என்று அச்சடித்த சின்ன ரெகுலேட்டரைத் தேடுங்கள். எண்ணுக்குப் பின்னால் 3.3, 1.8 என்றிருந்தால் வேண்டாம். 'ஏடிஜே' என்றிருக்க வேண்டும். எழுத்து நேராக, கால்கள் கீழே வரும்படி பிடித்தால், இடமிருந்து அட்ஜஸ்ட், அவுட், இன். அவுட்டுக்கும் அட்ஜஸ்ட்டுக்கும் நடுவே 1.25 வோல்ட்டை அது விடாமல் காக்கும். அங்கே 10 ஓம் அரை வாட் ரெசிஸ்டர் வைத்தால் கரண்ட் 125 மில்லிஆம்பியர். ஆரம்பத்துக்கு அது தாராளம். லேசர் டையோடின் பாசிட்டிவ் அட்ஜஸ்ட்டில், நெகட்டிவ் கிரவுண்டில், அதாவது சப்ளையின் நெகட்டிவில். சப்ளையின் பாசிட்டிவ் இன் காலில். செல்போன் சார்ஜரின் 5 வோல்ட் இழுபறியாகிவிடும், நாலு பென்சில் பேட்டரி போடுங்கள். முதுகுத் தகடும் அவுட்தான், இரும்புப் பெட்டியில் படக்கூடாது.

லேசரை உடனே மாட்டிவிடாதீர்கள். அதன் இடத்தில் 1என்4007 டையோடு மூன்றையும் ஒரு ஓம் ரெசிஸ்டரையும் வரிசையாக வையுங்கள். அந்த ஒரு ஓமின் இரு முனையில் மீட்டர் 125 மில்லிவோல்ட் காட்டினால் கணக்கு சரி. மாற்றும்போது பேட்டரியைக் கழற்றி, டையோடுக்கு இணையாக கெப்பாசிட்டர் போட்டிருந்தால் அதன் கால்களை ஒருமுறை ஷார்ட் செய்துவிட்டு மாட்டுங்கள். சப்ளை ஓடும்போதே லேசரைப் பிடுங்கிச் செருகுகிறவர்கள்தான் 'டையோடு டூப்ளிகேட்' என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிறார்கள்!

ரைட்டரின் சிவப்பு டையோடு 650 நானோமீட்டரை ஒட்டியது. சுவரில் பட்டுத் திரும்பும் கதிரும் கண்ணைக் கெடுக்கலாம். அந்த அலைநீளத்துக்கென்றே விற்கும் கண்ணாடி போடுங்கள், கூலிங் கிளாஸ் உதவாது. அதே ரைட்டரில் சீடிக்கான 780 நானோமீட்டர் டையோடும் இருக்கும். அதன் கதிர் கண்ணுக்குத் தெரிவதே அரிது என்பதால் இமைகூட மூடாது. அதைத் தொட வேண்டாம்.