ப்ளஸ் டூ முடித்ததும் இரண்டு வருஷம் மிஷன்: கோவை அப்பா ஒருவருக்குப் பதில்

வணக்கம் ஐயா. உங்கள் கடிதத்தை நிதானமாகப் படித்தேன். மனைவியும் மகனும் மார்மன் என்ற அமெரிக்கக் கிறிஸ்தவ சபையில் ஞானஸ்நானம் எடுத்துவிட்டார்கள், நீங்கள் எடுக்கவில்லை. இப்போது பையன் ப்ளஸ் டூ பரீட்சை எழுதப் போகிறான். முடித்ததும் இரண்டு வருஷம் மிஷனரியாக, அதாவது சபையின் நம்பிக்கையைப் பரப்பும் ஊழியனாக, போகிறேன் என்கிறான். "நீங்களாவது வேண்டாம் என்று சொல்லுங்கள் சார்" என்று எழுதியிருக்கிறீர்கள். அதை நான் சொல்ல மாட்டேன். போகச் சொல்லவும் மாட்டேன். நம்பிக்கை விஷயம் அவனுக்கும் வீட்டுக்கும் உள்ளது. நான் பார்க்கக்கூடியது காலண்டர், சான்றிதழ், அப்புறம் திரும்பி வந்த பிறகு கிடைக்கும் வேலை. அந்த மட்டில் பேசுகிறேன்.

"இது ஒரு உத்தியோகமா?" என்று கேட்டிருந்தீர்கள். இல்லை. சம்பளம் கிடையாது, பி.எஃப். கிடையாது, முடித்தால் பட்டமும் கிடையாது. சபையின் தலைமையிடம் அமெரிக்காவில், யூட்டா மாநிலத்தின் சால்ட் லேக் சிட்டி. அங்கிருந்து உலகம் முழுக்க 70,000-க்கும் மேற்பட்ட மிஷனரிகளை அனுப்புகிறார்கள். பெரும்பாலானோர் இருபதைச் சுற்றிய வயதுப் பிள்ளைகள். பையன்கள் 18 வயதில் போகலாம், காலம் 24 மாதம். பெண்களுக்கு 18 மாதம். 2012-க்கு முன்பு பையன்களுக்கே 19 ஆகியிருக்க வேண்டும். பள்ளி முடிந்த கையோடு கிளம்பும் பழக்கம் அந்த மாற்றத்துக்குப் பிறகுதான் பெருகியது. எந்த ஊர் என்று பையன் தேர்ந்தெடுக்க முடியாது, தலைமையிடத்திலிருந்து கடிதம் வரும். அதற்கு முன்னால் சபைப் பொறுப்பாளர்களின் நேர்காணல், உடல் பரிசோதனை, பல் பரிசோதனை எல்லாம் உண்டு. சபையில் சேர்ந்து குறைந்தது ஒரு வருஷமாவது ஆகியிருக்க வேண்டும். அதைத் தம்பி தாண்டிவிட்டான்.

"அங்கே என்னதான் செய்வான்?" என்ற கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். உங்கள் பயத்தில் பாதி, தெரியாததால் வருகிறது.

முதலில் பயிற்சி மையம். யூட்டாவில் ப்ரோவோ என்ற ஊரில் இருப்பதுதான் பெரியது, மணிலா உட்பட வேறு நாடுகளிலும் உண்டு. புது மொழி கற்க வேண்டியதில்லை என்றால் சில வாரம், மொழி கற்க வேண்டுமென்றால் ஆறு முதல் ஒன்பது வாரம் வரை போகும். இப்போதெல்லாம் ஒரு பகுதியை வீட்டிலிருந்தே இணையத்தில் முடிக்க வைக்கிறார்கள். அதன் பிறகு களம். காலை ஆறரைக்கு எழ வேண்டும். கொஞ்சம் உடற்பயிற்சி, குளியல், தாங்களே செய்துகொள்ளும் காலை உணவு, பிறகு வேதப் படிப்பு, தேவைப்பட்டால் மொழிப் படிப்பு. பத்து மணி வாக்கில் வெள்ளைச் சட்டை, நெஞ்சில் கறுப்புப் பெயர் அட்டையோடு வெளியே. அட்டையில் அவன் பெயர் இருக்காது, 'எல்டர்' என்று போட்டுக் குடும்பப் பெயர்தான் இருக்கும். நம் பிள்ளைகளுக்கு அப்பா பெயரே அந்த இடத்தில் வரும். இரண்டு வருஷமும் ஊர் முழுக்க அவனை உங்கள் பெயர் சொல்லிக் கூப்பிடும்!

நாள் முழுக்க நடை, பஸ், சில ஊர்களில் சைக்கிள். கேட்க விருப்பமுள்ளவர்களைப் பார்த்துப் பேசுவது, பாடம் சொல்வது, இங்கிலீஷ் வகுப்பு எடுப்பது, யாராவது வீடு மாற்றினால் பெட்டி தூக்குவது. இரவு ஒன்பது மணிக்குள் இருப்பிடம், அடுத்த நாள் திட்டம், பத்தரைக்கு விளக்கணைப்பு. வாரத்தில் ஒரு நாள், பெரும்பாலும் திங்கட்கிழமை, துணி துவைக்க, மளிகை வாங்க, முடி வெட்ட, வீட்டுக்குப் பேச. சினிமா கிடையாது, காதல் கிடையாது. காபி, டீ கூடக் கிடையாது. அது மிஷனுக்கு மட்டுமான விதி இல்லை, சபைக்கே உள்ளது. உங்கள் வீட்டில் ஃபில்டர் யாருக்காக இறங்குகிறது என்று பார்த்தாலே தெரிந்திருக்கும்.

போன் பற்றிக் கவலைப்பட்டிருந்தீர்கள். முன்பெல்லாம் கிறிஸ்துமஸுக்கும் அன்னையர் தினத்துக்கும் மட்டும்தான் வீட்டுக்குப் பேச முடியும். 2019 பிப்ரவரியிலிருந்து வாரா வாரம் பேசலாம், வீடியோவிலும் பார்க்கலாம். ஹாஸ்டலில் இருக்கும் பிள்ளைகளில் எத்தனை பேர் வாரம் தவறாமல் அப்பாவோடு பேசுகிறார்கள் என்பது வேறு கதை.

என்னைக் கேட்டால், நடையை விடவும் வெயிலை விடவும் கஷ்டமானது கூட்டாளி ஏற்பாடுதான். மிஷனரிகள் தனியாக இருக்கக் கூடாது. எப்போதும் இரண்டு பேர், ஒரே வீடு, ஒரே வழி. கூட்டாளியை அவன் தேர்ந்தெடுப்பதில்லை, சில மாதங்களில் ஆள் மாறும், ஊரும் மாறும். ஒருவன் நாகாலாந்துக்காரனாக இருக்கலாம், அடுத்தவன் அமெரிக்காவின் ஐடாஹோ மாநிலப் பண்ணைக்காரன் மகனாக இருக்கலாம். பிடிக்காத ஆளோடு சமைத்துச் சாப்பிட்டு, பாத்திரம் கழுவும் சண்டையைப் பேசித் தீர்த்து, அதே ஆளோடு காலையில் சிரித்த முகமாக அடுத்தவர் வீட்டு வாசலில் நிற்க வேண்டும். வீட்டில் தட்டைக் கழுவி வைக்காத பையன் என்று எழுதியிருந்தீர்கள், சரி, அந்தக் கவலை தீர்ந்துவிடும். ஆனால் சட்டென்று முகம் வாடுகிற, தனிமை தேவைப்படுகிற பிள்ளைக்கு இது உண்மையிலேயே பாரம். தம்பி எப்படிப்பட்டவன் என்று உங்களுக்குத்தான் தெரியும். ஏற்கனவே மனச்சோர்வுக்கோ பதற்றத்துக்கோ சிகிச்சை எடுத்திருந்தால் அதை விண்ணப்பத்தில் மறைக்க விடாதீர்கள். வீட்டில் இருந்துகொண்டே செய்யும் சேவை மிஷன் என்றும் ஒன்று இருக்கிறது.

இனி வேலைக்கு வருவோம். யூட்டாவில் இந்த இரண்டு வருஷத்துக்கு மதிப்பு தனி. அங்கே ப்ரிகாம் யங் பல்கலைக்கழகத்தில் முதல் வருஷம் முடித்துவிட்டு மிஷன் போய், வந்து இரண்டாம் வருஷத்தில் உட்காருவது சர்வசாதாரணம், இடத்தைப் பிடித்து வைத்திருப்பார்கள். வேலைக்கு எடுக்கிறவரும் பல நேரம் தானே மிஷன் போய் வந்தவராக இருப்பார். வீடு வீடாகப் போய்ப் பூச்சி மருந்துச் சேவையும் சோலார் பேனலும் விற்கும் கம்பெனிகள், திரும்பி வந்த பிள்ளைகளைத் தேடிப் பிடிக்கும். கதவு சாத்தப்பட்டாலும் அடுத்த கதவைத் தட்டப் பழகிய ஆள் வேறு எங்கே கிடைப்பான்? அரசியல்வாதி மிட் ராம்னி 1960-களில் பிரான்ஸில் மிஷனரியாக இருந்தவர். ஹார்வர்டு பேராசிரியர் கிளேட்டன் கிறிஸ்டென்சன் தென் கொரியாவில் இருந்தவர், கொரிய மொழி சரளமாகப் பேசியவர். சபைக்காரர்கள் இந்தப் பெயர்களைச் சொல்வார்கள். ஆனால் அவர்களுக்குப் பின்னால் இருந்த பல்கலைக்கழகமும் ஊர்ப் பழக்கமும் கோவையில் இல்லை. இங்கே எச்.ஆர். மேஜையில் அது வெறும் 'கேப்', படிப்பில் விழுந்த இடைவெளி. அதனால் தேதிதான் நமக்கு முக்கியம்.

கணக்கைப் பாருங்கள். பல ஐ.டி. கம்பெனிகளின் கேம்பஸ் விண்ணப்பத்தில், படிப்பில் இடைவெளி மொத்தம் இரண்டு வருஷத்துக்கு மேல் போகக் கூடாது என்று இருக்கிறது. மிஷன் சரியாக 24 மாதம். பரீட்சை முடிந்த பின் மே கடைசியில் கிளம்பினால், இரண்டு வருஷம் கழித்து பொறியியல் கலந்தாய்வு நேரத்துக்கு வந்துவிடலாம். அக்டோபரில் கிளம்பினால் அக்டோபரில்தான் வருவான். அப்போது கல்லூரி தொடங்கியிருக்கும், அடுத்த ஜூன் வரை காத்திருந்தால் இடைவெளி மூன்று வருஷம் ஆகிவிடும். கடிதம் வரவும் விசா கிடைக்கவும் மாதக்கணக்கில் ஆகலாம் என்பதால் விண்ணப்பத்தைப் பரீட்சைக்கு முன்பே போட வேண்டும். கிளம்பத் தயாராகும் தேதியை அவனே விண்ணப்பத்தில் குறிப்பிடலாம்.

தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வு ப்ளஸ் டூ மதிப்பெண்ணை வைத்து நடப்பது. பழைய வருஷத்து மாணவர்களும் விண்ணப்பிக்கிறார்கள், அதனால் அந்த வாசல் மூடாது. ஜே.இ.இ. மெயின் எழுத, ப்ளஸ் டூ முடித்த வருஷத்தோடு சேர்த்து மூன்று வருஷம் தருகிறார்கள். திரும்பி வரும் வருஷம் அதற்குள் அடங்கினாலும், ஜனவரித் தேர்வு கைவிட்டுப் போகும், ஏப்ரல் தேர்வும் அநேகமாக அப்படித்தான். ஐ.ஐ.டி.க்கான அட்வான்ஸ்டு தேர்வு அடுத்தடுத்த இரண்டு வருஷத்தில் மட்டுமே எழுத முடியும். எனவே ஐ.ஐ.டி. ஆசை உண்மையாக இருந்தால் இப்போது மிஷன் வேண்டாம். நீட்டுக்கு உச்ச வயது வரம்பு இப்போது இல்லை, ஆனால் மதிப்பெண் அந்த வருஷத்துக்கு மட்டும்தான், வந்த பிறகு புதிதாகப் படித்து எழுத வேண்டும்.

பையன்கள் 25 வயது வரை போகலாம் என்பதை வீட்டில் யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை போலிருக்கிறது. ஆகவே டிகிரி முடித்துவிட்டுப் போவதும் ஒரு வழி. அதில் கேம்பஸ் வேலை போகும், சேரும் தேதியை எந்தக் கம்பெனியும் இரண்டு வருஷம் தள்ளித் தராது. என் யோசனை: இப்போதே, மே கடைசியில், அல்லது டிகிரிக்குப் பிறகு. நடுவில் வேண்டவே வேண்டாம். இங்கே கோர்ஸை இரண்டு வருஷம் நிறுத்தி வைக்கக் கேட்டால் பெரும்பாலும் கையை விரித்துவிடுவார்கள். தம்பி ஐ.ஐ.டி. கேட்கவில்லை, கலந்தாய்வில்தான் சேரப் போகிறான் என்றால், இப்போதே போய் வருவதில் நஷ்டம் குறைவு. கணக்கு மறந்துபோகும், அது நிச்சயம். வந்ததும் கல்லூரி திறப்பதற்குள் வகையீடு, தொகையீடு இரண்டையும் யாரிடமாவது மறுபடி உட்கார்ந்து படிக்கட்டும்.

சாதிச் சான்றிதழ் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும். இது மிஷனால் வருவதில்லை, ஞானஸ்நானத்தால் வருவது. 1950-ஆம் ஆண்டு ஆணைப்படி எஸ்.சி. தகுதி இந்து, சீக்கிய, பௌத்த மதத்தவருக்கு மட்டும்தான். கிறிஸ்தவத்துக்கு மாறியவர்கள் தமிழ்நாட்டில் பி.சி. பட்டியலில் வருவார்கள். மாறிய பிறகும் எஸ்.சி. சலுகை கேட்ட ஒரு புதுச்சேரி வழக்கை 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. உங்கள் குடும்பத்துக்கு இது பொருந்துமானால் கலந்தாய்வுக்கு முன்பே தாசில்தார் அலுவலகத்தில் கேட்டுச் சரிசெய்துவிடுங்கள். சீட் கிடைத்த பிறகு கிளறப்பட்டால் நாலு வருஷமும் வீணாகும்.

பணம்: அமெரிக்கக் குடும்பங்கள் 2020 ஜூலையிலிருந்து மாதம் 500 டாலர் கட்டுகின்றன. மற்ற நாடுகளுக்குத் தொகை வேறு, முடியாதவர்களுக்குச் சபை நிதி உதவும். உங்கள் பங்கு எவ்வளவு, மருத்துவச் செலவு யாருடையது என்று எழுத்தில் வாங்குங்கள். இந்தியாவுக்குள் போட்டால் எந்த மாநிலம் என்று கேளுங்கள். பெங்களூரில் 1993 முதல் மிஷன் தலைமையகம் இருக்கிறது, டெல்லியிலும் உண்டு. உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், குஜராத் போன்ற இடங்களில் மதமாற்றத் தடைச் சட்டம் கடுமையானது. அங்கே என்ன செய்யலாம், என்ன கூடாது என்பதை மிஷன் தலைவரிடம் நீங்களே நேரில் கேட்கலாம். அப்பா வந்து கேட்பதை யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

அப்புறம் தம்பியோடு தனியாக ஒரு நாள் பேசுங்கள், அம்மா இல்லாத நேரமாக. போக வேண்டும் என்பது அவன் ஆசையா, சபையில் கூடப் பழகும் பையன்கள் போகிறார்கள் என்பதா? யூட்டாவில் பாதியில் திரும்பியவர்களை ஊரே ஒரு மாதிரி பார்க்கும் நிலை இருந்திருக்கிறது, அதில் நொந்துபோன பிள்ளைகள் நிறைய. "எந்த மாதம் வேண்டுமானாலும் வந்துவிடு, நான் ஒரு வார்த்தை கேட்க மாட்டேன்" என்று கிளம்பும் முன்பே அவனிடம் சொல்லிவிடுங்கள். சபையில் இல்லாத நீங்கள் சொன்னால்தான் அதை அவன் நம்புவான்.

போனால், அங்கே ஒரு நோட்டு வைத்துக்கொள்ளட்டும். எத்தனை பேருக்கு வகுப்பு எடுத்தான், புதிதாக வந்தவர்களுக்குப் பயிற்சி கொடுத்தானா, சில மிஷனரிகளுக்குப் பொறுப்பாளராக இருந்தானா, என்ன மொழி பேசக் கற்றான் என்பதெல்லாம் தேதியோடு. ரெஸ்யூமில் '24 மாதம் முழுநேரத் தன்னார்வப் பணி' என்று போட்டு, கீழே இதை எழுதினால் நேர்காணலில் பேச விஷயம் இருக்கும். சபை சார்ந்த பல்கலைக்கழகத்தின் ஆன்லைன் பட்டப் படிப்பையும் யாராவது சிபாரிசு செய்யலாம். இங்கே அரசு வேலைக்கும் மேற்படிப்புக்கும் அது செல்லுமா, இங்குள்ள பட்டத்துக்கு இணையாக ஏற்பார்களா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் பணம் கட்ட வேண்டாம்.

பாஸ்போர்ட்டுக்கு இந்த மாதமே விண்ணப்பியுங்கள், பெயரும் இனிஷியலும் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் உள்ளபடியே இருக்கட்டும். ப்ளஸ் டூ மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ் ஒரிஜினல்கள் உங்கள் பீரோவிலேயே இருக்கட்டும், அவன் பெட்டியில் நகல் போதும்.