காயலான் கடை ஸ்விட்சும் வீட்டு லேப்பும்: கேள்வி பதில்

பாளையங்கோட்டையில் இருபது வருடத்துக்கு மேலாக நெட்வொர்க் வேலை பார்க்கிறேன். வீட்டு மச்சில் ஒரு இரும்பு அலமாரி நிறையப் பழைய ஸ்விட்சும் (ஓர் இடத்துக் கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று இணைக்கும் பெட்டி) ரவுட்டரும் (வெவ்வேறு நெட்வொர்க்குகளை இணைக்கும் பெட்டி) இருக்கின்றன. நான் வேலை கற்றுக்கொண்டது அவற்றில்தான். இன்றைக்கும் ஒரு சந்தேகம் வந்தால் அவற்றில்தான் போட்டுப் பார்க்கிறேன். பழைய பெட்டிகளை வைத்து வீட்டில் லேப் (பயிற்சிக்கூடம்) அமைப்பது பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும் கீழே.

அண்ணாச்சி, டவுனில் ஒரு பழைய சாமான் கடையில் சிஸ்கோ 2950 ஸ்விட்ச் இரண்டும் 1841 ரவுட்டர் ஒன்றும் பார்த்தேன். இப்போதைய சிசிஎன்ஏவுக்கு (சிஸ்கோ நடத்தும் நெட்வொர்க் சான்றிதழ் தேர்வு) இது உதவாது என்று சீனியர்கள் சொல்கிறார்கள். வாங்கலாமா? (கல்லூரி மாணவர், அம்பாசமுத்திரம்)

விலை இரும்பு விலையை ஒட்டி இருந்தால் வாங்கு தம்பி. சீனியர்கள் சொல்வதில் பாதி சரி. 2020 பிப்ரவரியில் வந்த 200-301 என்ற சிசிஎன்ஏ தேர்வில் வயர்லெஸ் கன்ட்ரோலர், ஜேசன், ரெஸ்ட் ஏபிஐ (இவை இரண்டும் மென்பொருள் வழியாகப் பெட்டிகளை நிர்வகிக்க உதவுபவை) எல்லாம் உண்டு. அதையெல்லாம் இந்தப் பெட்டிகளில் பழக முடியாது. ஆனால் அஸ்திவாரம் இன்னும் வீலான் (ஒரே ஸ்விட்சைத் தனித்தனி நெட்வொர்க்காகப் பிரிப்பது), ட்ரங்க் (பல வீலானைச் சுமக்கும் ஒரே இணைப்பு), ஸ்பேனிங் ட்ரீ (ஸ்விட்சுகளுக்குள் சுற்றுப்பாதை உண்டாகாமல் தடுப்பது), ஓஎஸ்பிஎஃப் (ரவுட்டர்கள் வழி கண்டுபிடிக்கும் முறை), ஏசிஎல் (எதை விடுவது, எதைத் தடுப்பது என்ற பட்டியல்), நாட் (ஐபி முகவரியை மாற்றித் தருவது) இவைதான். இன்று ஐபிவி4-க்கு ஓடுகிற ஓஎஸ்பிஎஃப் இரண்டாம் பதிப்பின் விதிமுறை ஆவணமான ஆர்எஃப்சி 2328 எழுதப்பட்டது 1998-ல். ட்ரங்குக்கான 802.1கியூ விதிமுறையும் அதே வருடத்துச் சரக்குதான். 1841 சந்தைக்கு வந்ததே 2004-ல். பெட்டி பழசாகிவிட்டது, அது பேசுகிற பாஷை பழசாகவில்லை.

காசைக் கொடுப்பதற்கு முன் கடையிலேயே மின்சாரம் கொடுத்துப் பார். சாதாரண கம்ப்யூட்டர் பவர் கேபிளே போதும். ஃபேன் சுற்றுகிறதா, கருகிய வாடை வருகிறதா என்று கவனி. 1841-க்குப் பின்பக்கம் காம்பாக்ட் ஃபிளாஷ் கார்டு இருக்கிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். ரவுட்டரை இயக்கும் மென்பொருளான ஐஓஎஸ் அதில்தான் கிடக்கிறது. யாராவது அதை உருவிக்கொண்டு போயிருந்தால் ரவுட்டர் ராம்மான் (ஐஓஎஸ் கிடைக்காதபோது வரும் அவசர நிலை) பிராம்ப்டோடு நின்றுவிடும். முடிந்தால் லேப்டாப்பும் கன்சோல் கேபிளும் (பெட்டியோடு நேரடியாகப் பேச உதவும் கேபிள்) கொண்டு போ. வேகம் 9600, பிட் 8, பாரிட்டி இல்லை, ஸ்டாப் பிட் 1. 'ஷோ வெர்ஷன்' கொடுத்து இமேஜ் பெயரில் கே9 இருக்கிறதா என்று பார்த்துக்கொள். அது இல்லாவிட்டால் எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து ரகசியமாகப் பெட்டிக்குள் நுழையும் முறை) வராது.

பாக்கெட் ட்ரேசர் (சிஸ்கோவின் பயிற்சி மென்பொருள்) இலவசமாகக் கிடைக்கிறதே அண்ணா, இரும்பைத் தூக்கிச் சுமப்பது எதற்கு? (வேலை தேடும் பெண், சங்கரன்கோவில்)

நல்ல கேள்வி தங்கச்சி. பத்து ரவுட்டர் வேண்டிய பயிற்சி என்றால் நானும் மென்பொருளில்தான் செய்வேன். இரண்டும் வேண்டும் என்பதுதான் என் கருத்து. கம்ப்யூட்டர் திரையில் கேபிள் பழுதாவதில்லை, கிரிம்பிங் (கேபிள் முனையில் பிளக்கை இறுக்குவது) சரியில்லாமல் ஒரு கம்பி மட்டும் தொடாமல் நிற்பதில்லை. வேலைக்குப் போனால் பாதி நாள் இந்தப் பஞ்சாயத்துதான்.

2950-க்குக் கேபிளைத் தானாகப் புரிந்துகொண்டு மாற்றிக்கொள்ளும் வசதி கிடையாது. இரண்டு 2950-ஐச் சாதாரணக் கேபிளால் இணைத்தால் விளக்கே எரியாது. ஒரு முனையில் ஆரஞ்சு ஜோடியும் பச்சை ஜோடியும் இடம் மாறிய கிராஸ் கேபிளை நீயே செய்து சொருக வேண்டும். சொருகியதும் போர்ட் விளக்கு ஆரஞ்சு நிறத்தில் நிற்கும். கூடவே எண்ணிப் பார். 15 விநாடி லிசனிங், 15 விநாடி லேர்னிங், அதன் பிறகுதான் பச்சைக்கு மாறும். அந்த அரை நிமிடம் கை கட்டிக் காத்திருந்தவளுக்கு ஸ்பேனிங் ட்ரீ மறக்காது. இரண்டாவதாக இன்னொரு கேபிளையும் சொருகு. நான்கு முனைகளில் ஒன்று மட்டும் ஆரஞ்சிலேயே நின்றுவிடும். முதல் கேபிளை உருவிவிட்டு, அந்த விளக்கு எப்போது பச்சையாகிறது என்று பார். எந்த ஸ்விட்ச் ரூட் (ஸ்பேனிங் ட்ரீயின் தலைமை), ஏன் அந்த போர்ட் மட்டும் அடைபட்டது என்று நீயாகவே தேடப் போவாய். நான் அப்படித் தேடித்தான் படித்தேன்.

வாங்கிய ரவுட்டர் பாஸ்வேர்டு கேட்கிறது. ஸ்விட்சும் அப்படியே. (டிப்ளமா மாணவர், பேட்டை)

இதுவே உன் முதல் பாடம். ரவுட்டரை அணைத்துப் போட்டு, முதல் ஒரு நிமிடத்துக்குள் பிரேக் (பூட் ஆவதை நிறுத்தும் சைகை) அனுப்ப வேண்டும். லேப்டாப்பில் பிரேக் விசை இல்லாவிட்டால் புட்டி (கன்சோலில் பேச உதவும் மென்பொருள்) ஜன்னலின் தலைப்புப் பட்டையில் ரைட் கிளிக் செய்தால் ஸ்பெஷல் கமாண்டில் இருக்கும். அதுவும் மசியவில்லையென்றால் காம்பாக்ட் ஃபிளாஷைக் கழற்றிவிட்டு ஆன் செய். ஐஓஎஸ் கிடைக்காமல் தானாகவே ராம்மானுக்கு வந்துவிடும், அப்புறம் கார்டைச் சொருகிக்கொள். எழும்போது எதைப் படிப்பது என்று சொல்லும் கான்ஃபிக் ரெஜிஸ்டரைப் பூஜ்யம் எக்ஸ் 2142 என்று மாற்றி ரீசெட் செய்தால் பழைய கான்ஃபிகை (சேமித்த அமைப்புகளை) படிக்காமல் எழும். உள்ளே போனதும் 'ரைட் இரேஸ்' கொடுத்துப் பழையதை அழி, ரெஜிஸ்டரை மறுபடி 2102 ஆக்கு. இந்தக் கடைசி வேலையை மறந்தால், நீ சேமித்ததெல்லாம் அடுத்த ரீபூட்டில் காணோம் என்று தேடுவாய்.

ஸ்விட்சுக்கு முன்பக்க மோட் பட்டனை அழுத்திப் பிடித்தபடி மின்சாரம் கொடு. ஃபிளாஷ் இனிட் செய்து, கான்ஃபிக் டாட் டெக்ஸ்ட், வீலான் டாட் டேட் இரண்டு கோப்பையும் அழித்துவிட்டு பூட் செய்.

ஒரு வேண்டுகோள். பழைய கான்ஃபிகில் யாரோ ஒரு கம்பெனியின் ஐபியும் பாஸ்வேர்டும் இருக்கும். எட்டிப் பார்க்காமல் அழித்துவிடு.

வீட்டு லேப் ஸ்விட்சை அவசரத்துக்கு ஆபீஸில் போடலாமா அண்ணாச்சி? (சிஸ்டம் அட்மின், வண்ணார்பேட்டை)

வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்கிறேன். ஆரம்ப காலத்தில் ஓர் அலுவலகத்தில் ஸ்விட்ச் பழுதானபோது, நான் பழகப் பயன்படுத்திய ஸ்விட்சைக் கொண்டுபோய் மாட்டினேன். அங்கிருந்த விடிபி (வீலான் பட்டியலை ஸ்விட்சுகளுக்குள் பரப்பும் முறை) டொமைன் பெயரைத்தான் வீட்டிலும் வைத்துப் பழகியிருந்தேன். தினமும் வீலானைப் போட்டு அழித்துப் பழகியதில் என் பெட்டியின் ரிவிஷன் எண் மேலே போயிருந்தது. அதிக எண் உள்ள பட்டியலைத்தான் மற்ற ஸ்விட்சுகள் ஏற்கும். ட்ரங்க் எழுந்த சில விநாடிகளில் என் லேப்பின் வீலான் பட்டியல் அங்கிருந்த எல்லா ஸ்விட்சிலும் போய் உட்கார்ந்துகொண்டது. அவர்களுடைய வீலான்கள் அழிந்து மொத்த ஆபீஸும் நின்றது. கையால் ஒவ்வொன்றாகத் திரும்பப் போட்டு முடிக்க சாயங்காலம் ஆகிவிட்டது. என்னை நம்பியவர்களின் ஒரு நாள் வேலை போனது இன்றும் மனதை உறுத்துகிறது.

வேறு வழியே இல்லை என்றால் முதலில் டிரான்ஸ்பரன்ட் மோடுக்கு (தன் பட்டியலைப் பரப்பாத நிலை) மாற்றி, ரிவிஷன் பூஜ்யம் ஆனதா என்று 'ஷோ விடிபி ஸ்டேட்டஸ்' கொடுத்துப் பார்த்துவிட்டு மாட்டு.

என் மகன் ராத்திரி பகலாக இதை ஓடவிடுகிறான் சார். கரண்டு பில் என்ன ஆகும்? சத்தம் வேறு. (ஒரு தாயார், பெருமாள்புரம்)

கணக்கு எளிதுதான் அம்மா. இரண்டு ஸ்விட்ச், ஒரு ரவுட்டர் சேர்ந்து சுமார் 110 வாட் என்று வையுங்கள். தினம் இரண்டு மணி நேரம் என்றால் இரண்டு மாத பில்லில் 13 யூனிட்தான். இரவும் பகலும் ஓடினால் 158 யூனிட். இலவசமாக வரும் யூனிட்டில் பெரும்பகுதியை அதுவே தின்றுவிடும். படிக்கும்போது மட்டும் போடச் சொல்லுங்கள். சேமித்த கான்ஃபிக் அணைத்தாலும் போகாது.

சத்தத்துக்காக ஃபேனைக் கழற்ற மட்டும் விடாதீர்கள். நம் ஊர் சித்திரை வெயிலில் சீக்கிரம் வெந்துவிடும். 2960-இல் எட்டு போர்ட் மாடல் ஒன்று ஃபேன் இல்லாமலே வருகிறது. அடுத்த தடவை அதை வாங்கட்டும்.

புது உபுண்டுவிலிருந்து (லினக்ஸ்) பழைய ரவுட்டருக்கு எஸ்எஸ்எச் போகவில்லை. (வள்ளியூர்)

ரவுட்டர் மேல் தப்பில்லை. அது பேசும் டிஃபி-ஹெல்மன் குரூப் 1 என்ற பழைய சாவிப் பரிமாற்ற முறையை, உபுண்டுவில் இருக்கும் ஓப்பன்எஸ்எஸ்எச் மென்பொருள் 2015-லேயே ஒதுக்கிவிட்டது. ஷா-1 கையெழுத்தோடு வரும் ஆர்எஸ்ஏ சாவியை 2021-ல் ஒதுக்கியது. உன் எஸ்எஸ்எச் கான்ஃபிக் கோப்பில் அந்த ரவுட்டரின் ஐபிக்கு மட்டும் இரண்டையும் கூட்டல் குறியோடு சேர்த்துக்கொள். அப்போதும் மறுத்தால் பழைய சிபிசி குறியாக்கத்தையும் அதேபோல் சேர். எல்லா மெஷினுக்கும் பொதுவாகத் திறந்துவிடாதே. ரவுட்டரில் சாவியை 2048 பிட்டில் புதிதாகப் போடு.

இதையே வீட்டு இன்டர்நெட்டுக்கும் வைத்துக்கொள்ளலாமா? (மேலப்பாளையம்)

கூடாது. பாதுகாப்புத் திருத்தம் நின்றுபோன பெட்டிகள் இவை. லேப்பைத் தனித் தீவாகவே வை.

அப்பா கடையில் பத்து எம்பிபிஎஸ் ஹப் ஒன்று கிடக்கிறது. தூக்கிப் போட்டுவிடவா? (கல்லிடைக்குறிச்சி)

தூக்கிப் போடாதே தம்பி, இப்போது தேடினாலும் கிடைக்காது. ஒரு போர்ட்டில் வருவதை மற்ற எல்லா போர்ட்டுக்கும் அப்படியே அனுப்பும். ரவுட்டர் இரண்டுக்கும் நடுவில் அதை வைத்து, மூன்றாவது போர்ட்டில் லேப்டாப்பை மாட்டி வயர்ஷார்க்கை (கேபிளில் ஓடுவதைப் பிடித்துக் காட்டும் மென்பொருள்) திற. பத்து விநாடிக்கு ஒருமுறை ஓஎஸ்பிஎஃப் ஹலோ போவது கண்முன் தெரியும். அப்புறம் டெல்நெட்டில் (ரகசியம் இல்லாத பழைய தொலை இணைப்பு) உள்ளே நுழைந்து பார். நீ அடித்த பாஸ்வேர்டு எழுத்தெழுத்தாகத் திரையில் ஓடும். எஸ்எஸ்எச் எதற்கு என்று யாரும் உனக்கு விளக்க வேண்டாம்.

குற்றாலம் பக்கம் வீடு. சாரல் காலத்தில் ஈரம், ஐப்பசியில் இடி. பெட்டிகளை எப்படிக் காப்பாற்றுவது? (தென்காசி)

தட்டட்டிக்கு (மொட்டை மாடிக்கு) நேர் கீழுள்ள அறையில் வைக்காதீர்கள், வெயில் இறங்கும். சாரல் மாதங்களில் இரண்டு நாளுக்கு ஒரு தடவையாவது அரைமணி நேரம் ஓட விட்டால் உள்ளே ஈரம் தங்காது. காலியான ஸ்லாட்டுகளுக்குத் தகட்டு மூடி போடுங்கள். கதகதப்புக்குப் பல்லி உள்ளே போய்ப் பவர் சப்ளையில் ஒட்டிக்கொண்டு இரண்டும் சேர்ந்து போனதை நான் பார்த்திருக்கிறேன். இடி இறங்கும் நாளில் ஸ்விட்சை அணைத்தால் மட்டும் போதாது. மாடியிலிருந்து கீழே வரும் நீளமான ஈதர்நெட் கேபிள் வழியாகவும் அது உள்ளே வரும். பிளக்கையும் அந்தக் கேபிளையும் இரண்டு பக்கமும் உருவிப் போட்டுவிட்டுத் தூங்குங்கள்.