செருப்பு போட்டுக்கிட்டு தொடு!

கேள்வி: ரிஸ்க் எடுக்காமல் வாழ்க்கையில் முன்னேற முடியுமா? பார்க்கிற வேலையை விட்டுவிட்டு சொந்தமாகக் கடை வைக்கலாமா என்று ஆறு மாதமாக யோசிக்கிறேன். – ஒரு வாசகர், கரூர்

பதில்: ‘எடுக்காமல்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தச் சொல்லிலேயே நின்றுவிட்டேன். எடுப்பது என்றால் தெரிந்து கை நீட்டுவது. ஆறு மாதம் யோசித்து, வீட்டில் பேசி, எனக்கும் எழுதிக் கேட்கிறவர் எடுக்கிற ரிஸ்க்கைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை. யாருமே எடுக்காமல் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்திருக்கிற ரிஸ்க்தான் என் தூக்கத்தைக் கெடுக்கிறது.

எங்கள் வீட்டில் ஒரு கிரைண்டர் இருந்தது. மாவைத் தள்ளிவிடும்போது சுருக்கென்று ஷாக் அடிக்கும். அதற்காகவே அம்மா ஒரு ஜோடி ரப்பர் செருப்பை சமையலறை மூலையில் போட்டு வைத்திருந்தார். சித்தி வந்தாலும் அத்தை வந்தாலும், “செருப்பு போட்டுக்கிட்டு தொடு” என்பார். மூன்று வருஷம் இப்படியே ஓடியது. ஒருநாள் அவரே ஈரக் கையோடு, வெறுங்காலோடு தொட்டுவிட்டார். கை அப்படியே ஒட்டிக்கொண்டது. அப்பா ஓடிப்போய் மெயினை அணைத்ததால் பிழைத்தார். உள்ளங்கையில் அந்தத் தழும்பு கடைசிவரை இருந்தது.

அந்த ரிஸ்க்கை எங்கள் வீட்டில் யார் எடுத்தது? யாரும் எடுக்கவில்லை. எல்லோரும் பழகியிருந்தோம், அவ்வளவுதான்.

‘அதான் எம்சிபி இருக்கே’ என்று யாராவது எழுதுவார்கள். கரண்ட் அளவுக்கு மேல் போனால் தானாக விழுகிற, மெயின் பெட்டி சுவிட்ச்தான் எம்சிபி. எத்தனை முறை சொன்னாலும் மறுபடி சொல்வேன்: எம்சிபி ஒயரைக் காப்பாற்றத்தான், ஆளைக் காப்பாற்ற அல்ல. நனைந்த உடம்பின் மின்தடை 1,000 ஓம் அளவுக்கு இறங்கிவிடும். 230 வோல்ட்டை அதால் வகுத்தால் 230 மில்லி ஆம்பியர். இதயத்தை நிறுத்த இதுவே அதிகம். ஆனால் 6 ஆம்பியர் எம்சிபிக்கு, அதாவது 6,000 மில்லி ஆம்பியர் தாங்குவதற்கு, இது ஒரு பல்பு எரிகிற மாதிரி. அசையவே அசையாது.

அசைவது ஆர்சிசிபி, கசிகிற கரண்டைக் கண்டுபிடிக்கிற இன்னொரு சுவிட்ச். பேஸ் ஒயரில் போன கரண்ட் முழுவதும் நியூட்ரல் ஒயரில் திரும்புகிறதா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். வீடுகளுக்கான வகையில் 30 மில்லி ஆம்பியர் குறைந்தாலே, யார் வழியாகவோ தரைக்குப் போகிறது என்று கண் சிமிட்டுவதற்குள் சப்ளையைத் துண்டித்துவிடும். பேஸை ஒரு கையிலும் நியூட்ரலை இன்னொரு கையிலும் பிடித்தால் மட்டும் அதற்குத் தெரியாது.

கலிபோர்னியாவில் பெர்க்லி பல்கலைக்கழகப் பேராசிரியர் சார்லஸ் டால்சீல், தாமாக முன்வந்தவர்களின் கையில் கரண்டைச் செலுத்தி ஒன்றை அளந்தார். பிடித்த கையை எதுவரை விட முடிகிறது? ஆண்களுக்குச் சராசரியாக 16 மில்லி ஆம்பியர், பெண்களுக்கு 10.5. அதற்கு மேல் போனால் விரல்கள் மடங்கி இறுகிவிடும். அம்மாவின் கை ஏன் கிரைண்டரை விடவில்லை என்பது அதைப் படித்த அன்றுதான் எனக்குப் புரிந்தது.

வீடு கட்டித் தரும் ஒருவர் முன்பு இந்தப் பக்கத்துக்கு எழுதினார்: “ஆர்சிசிபி அடிக்கடி ட்ரிப் ஆகிறது, வீட்டுக்காரர்களே கழற்றச் சொல்கிறார்கள்.” அவர்மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. அடிக்கடி விழுகிறதென்றால் எங்கோ கசிகிறது. பழைய ஹீட்டராக இருக்கலாம், ஈரம் ஏறிய சுவராக இருக்கலாம். தேடிப் பிடித்துச் சரிசெய்வதுதான் அவர் வேலை. வாசலுக்குத் தேக்குக் கதவு வேண்டும் என்கிற வீட்டுக்காரரிடம் இதற்கும் காசு கேட்டு வாங்கலாம். அப்புறம், மொட்டைமாடியில் துணி காயப்போட இரும்புக் கம்பி கட்டியிருப்பவர்கள் இன்றைக்கே அவிழ்த்துவிட்டு நைலான் கயிறு கட்டுங்கள். அந்தக் கம்பி எங்காவது தோல் உரிந்த ஒயரில் பட்டு, ஈரத் துணியோடு போனவரும் காப்பாற்றப் போனவரும் சேர்ந்து இறந்த செய்தியை மழைக்காலம் தவறாமல் படிக்கிறோம்.

சரி, உங்கள் கடை. ஆறு மாத வீட்டுச் செலவுக்குப் பணம் தனியாக இருந்தால், உங்கள் பெயரில் ஒரு டேர்ம் பாலிசியும் (ஆயுள் காப்பீடு) இருந்தால், தாராளமாகத் தொடங்குங்கள். கடை பார்க்கப் போகும்போது மெயின் பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். ஆர்சிசிபியில் ‘டெஸ்ட்’ என்று ஒரு சின்னப் பொத்தான் இருக்கும். கரண்ட் இருக்கும்போது அழுத்துங்கள். டப்பென்று விழ வேண்டும். விழாவிட்டால், அல்லது பெட்டியில் அப்படி ஒன்றே இல்லாவிட்டால், அதை மாட்டிய பிறகு அட்வான்ஸ் கொடுங்கள்.