அந்த நிலத்தை அடமானம் வைக்காதீர்கள்

மேற்படிப்புக்கு ஆலோசனை கேட்டு நாமக்கல் பக்கத்திலிருந்து என்னிடம் வந்த அந்தக் குடும்பத்தில் அப்பாதான் பேசினார். மகள் இரண்டு முறை நீட் எழுதியாகிவிட்டது. மூன்றாவது முறைக்கு விடுதியோடு கூடிய பயிற்சி மையத்தில் சேர்க்க வேண்டும். ஒன்றரை ஏக்கரை அடமானம் வைத்துவிடலாம் என்கிறார் மைத்துனர். அந்தப் பெண் கட்டைவிரல் நகத்தோரத் தோலை உரித்துக்கொண்டே இருந்தாள். இரத்தம் கசிந்ததும் விரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டாள். இரவு மூன்று மணி வரை தூக்கமில்லை, பழைய வினாத்தாளைப் பார்த்தாலே மூச்சு முட்டுகிறது என்று அம்மாதான் மெல்லச் சொன்னார்.

கவலைப்படாதீர்கள் ஐயா என்றுதான் தொடங்கினேன். பத்து நிமிடத்தில் அந்தப் பேச்சை நிறுத்திவிட்டேன். மூன்றாவது முயற்சி வேண்டாம். நிலத்தில் கை வைக்க வேண்டாம். முதலில் மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். இன்றிரவே யாரிடமாவது பேச வேண்டுமென்றால் அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416; கட்டணம் கிடையாது.

"நாளைக்குக் கல்யாணப் பேச்சு எடுக்கும்போது..." என்று மைத்துனர் இழுத்தார். 192 ஆய்வுகளைத் தொகுத்து 2021இல் வெளிவந்த கட்டுரை ஒன்று, மனநோய்களில் ஏறக்குறையப் பாதி 18 வயதுக்குள்ளேயே தலைகாட்டிவிடுகின்றன என்கிறது. இவளுக்கு 19. இப்போது காட்டாமல் கல்யாணத்துக்குப் பிறகா காட்டுவீர்கள்?

பெரியவர்களை டீ குடிக்க அனுப்பிவிட்டு அவளிடம் பேசினேன். பக்கத்து வீட்டு ஏழாம் வகுப்புப் பையன் இரண்டு மாதமாகப் பள்ளிக்குப் போகாமல் வயிற்றுவலி என்று படுத்திருந்தானாம். மாலையில் கணக்குச் சொல்லிக்கொடுக்கப் போனவள், பள்ளி வேனில் பெரிய பையன்கள் அவனை அடிப்பதைக் கண்டுபிடித்திருக்கிறாள். தலைமையாசிரியரிடம் பேசி, ஒரு வாரம் தானே கூட நடந்துபோய் விட்டு வந்திருக்கிறாள். இதைச் சொல்லும்போது அவள் நகத்தைத் தொடவே இல்லை.

அவள் செய்ததையே வேலையாகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள்: மனநல சமூகப் பணியாளர்கள். குழந்தைக்கு மருந்து தேவையா என்பதை மருத்துவர் பார்ப்பார். அந்தக் குழந்தை வீட்டில் எங்கே தூங்குகிறது, அப்பா குடிக்கிறாரா, வகுப்பில் யார் பக்கத்தில் உட்காருகிறது என்பதை இவர்கள்தான் விசாரித்து எழுதுவார்கள். பெற்றோரை உட்கார வைத்துப் பேசுவது, பள்ளிக்கு நேரில் போவது, மாற்றுத்திறனாளி சான்றிதழுக்கு வழிகாட்டுவது, குழந்தைகள் நலக் குழுவுக்கு அறிக்கை தருவது எல்லாம் இவர்கள் வேலை.

பள்ளிகளுக்கும் இப்படிப்பட்டவர்கள் தேவை. மாணவர்கள் எல்லாருக்கும், மனத்தை இந்த நொடியில் நிறுத்தும் மனஒருநிலைப் பயிற்சி (மைண்ட்ஃபுல்னெஸ்) கொடுத்தால் போதுமா என்று பிரிட்டனில் 80க்கும் மேற்பட்ட பள்ளிகளில் சோதித்தார்கள். வழக்கமான வகுப்புகளைவிடக் கூடுதல் பலன் இல்லை என்று 2022இல் முடிவு வந்தது. பிஹாரின் நாளந்தா மாவட்டத்தில் 74 பள்ளிகளில் நடந்த ஆய்வு 2018இல் வெளியானது. மாணவர் நலத்துக்கான ஒரே திட்டம்தான். ஆசிரியர் நடத்திய பள்ளிகளில் பெரிய மாற்றமில்லை. அதற்கென்றே நியமித்த ஆலோசகர் நடத்திய பள்ளிகளில் மனச்சோர்வும் சீண்டலும் அடிதடியும் குறைந்தன.

மனநல சமூகப் பணியாளராக வழி இதுதான். ஏதாவது ஒரு இளநிலைப் பட்டம். உளவியலோ சமூகப் பணியோ என்றால் நல்லது. அடுத்து எம்.எஸ்.டபிள்யூ. என்கிற சமூகப் பணி முதுநிலைப் பட்டம், அதில் மருத்துவ, மனநலப் பிரிவு. 1952இல் தொடங்கிய மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் வொர்க் எழும்பூரில் இருக்கிறது. அதன்பின் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை போன்ற இடத்தில் நோயாளிகளோடு இரண்டாண்டுப் பயிற்சியோடு கூடிய எம்.பில். பட்டம்; 2017 மனநலச் சட்டம் இந்தப் பதவிக்கு அதைக் கேட்கிறது. பிற துறைகளில் எம்.பில். நின்றபோதும் இதற்கும் மருத்துவ உளவியலுக்கும் 2025-26 வரை பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) விலக்கு தந்தது. இவள் அங்கே போய்ச் சேரும்போது பட்டத்தின் பெயர் மாறியிருக்கலாம். அந்த ஆண்டு அறிவிப்பைப் பார்த்தே விண்ணப்பிக்க வேண்டும். மொத்தம் ஏழு ஆண்டு. தொடக்கச் சம்பளம் டாக்டர் சம்பளமாக இருக்காது. அரசுக் கல்லூரியில் மூன்றாண்டுக்கு ஆகும் கட்டணமோ நீங்கள் விசாரித்து வந்த பயிற்சி மையத்தின் ஓராண்டுக் கட்டணத்தில் சிறு பங்குகூட வராது.

"டாக்டர் என்று போர்டு மாட்ட முடியாதே" என்றார் அப்பா. முடியாது ஐயா. மருத்துவர் சரி என்று சொன்ன பிறகு, அவளுக்குத் தூக்கம் திரும்பிய பிறகு, மதிப்பெண் பட்டியலோடு வாருங்கள். அப்போது அவள் பேசட்டும், நீங்களும் நானும் கேட்போம். மைத்துனர் வர வேண்டாம்.