கேளுங்கள், பதில் தருகிறேன்

கேள்வி: ஆயிரக்கணக்கான பறவைகள் ஒரே உடம்பு போலத் திரும்பும் வீடியோவைப் பார்த்தேன். அழகுதான், ஆனால் கொஞ்சம் பயமாகவும் இருந்தது. அதில் ஒன்றுக்குக்கூடச் சொந்த விருப்பம் இருக்காதா? பெரிய குடும்பத்தில் வாழும் நானும் இப்படித்தான் ஆகிவிடுவேனோ?
– ஒரு வாசகி

பதில்: நீங்கள் பார்த்தது ஸ்டார்லிங்காக இருக்கும். மைனாவுக்குச் சொந்தக்காரப் பறவை. ரோம் நகரில் இயற்பியலாளர்கள் இந்தக் கூட்டங்களைப் பல கேமராக்களால் ஒரே நேரத்தில் படமெடுத்து, ஒவ்வொரு பறவையும் எங்கே இருக்கிறது என்று கணக்குப் போட்டார்கள். 2008இல் வந்த முடிவு சுவாரசியமானது. ஒரு பறவை கவனிப்பது பக்கத்தில் இருக்கும் ஆறேழு பறவைகளை மட்டும்தான். கூட்டம் நெருங்கினாலும் விரிந்தாலும் அந்த எண்ணிக்கை மாறுவதில்லை. மீதி ஆயிரம் பேர் என்ன நினைப்பார்கள் என்ற கவலையே அதற்குக் கிடையாது!

இன்னொன்று. 1980களில் கிரெய்க் ரெனால்ட்ஸ் என்ற கணினி வரைகலை நிபுணர் கணினித் திரையில் இப்படியொரு கூட்டத்தைப் பறக்கவிட்டார். தலைவர் யாரும் இல்லை, மூன்றே விதிகள்: பக்கத்தில் இருப்பவரை இடிக்காதே, அவர்கள் போகும் திசையில் போ, ரொம்பவும் விலகிவிடாதே. முதல் விதியை எடுத்துவிட்டால் மிஞ்சுவது கூட்டம் அல்ல, குவியல். உங்கள் வீட்டில் அந்த விதிதான் விட்டுப்போயிருக்கிறது என்று நினைக்கிறேன். யார் திரும்பினால் நீங்கள் திரும்ப வேண்டும் என்று ஆறேழு பேரை முடிவு செய்துகொள்ளுங்கள். பறவைக்கு அந்தத் தேர்வு கிடையாது, பக்கத்தில் யார் வந்தாலும் அவர்தான். உங்களுக்கு உண்டு. உதாரணத்தை இதற்கு மேல் இழுத்தால் கிழிந்துவிடும்.

கேள்வி: கல்யாணமானதிலிருந்து மகனும் மருமகளும் தாங்கள் உண்டு, தங்கள் வேலை உண்டு என்று இருக்கிறார்கள். இது சரியா?
– ஒரு தாய்

பதில்: காக்கைக் குடும்பத்தில் ஜாக்டா என்று ஒரு பறவை, ஆயுள் முழுக்க ஒரே துணை. கூட்டத்திலும் ஜோடியாகவே பறக்கும். அப்படிப் பறந்தால் சிறகைக் குறைவாக அடித்தால் போதும், களைப்பு மிச்சம். ஆனால் மற்ற பறவைகளை அவ்வளவாகக் கவனிக்காது. ஜோடிகள் பெருகினால், ஒரு பக்கத்தில் நடப்பது கூட்டத்தின் மறுபக்கத்துக்குச் சரியாகப் போய்ச் சேராது. ஜோடிக்கு லாபம், கூட்டத்துக்கு நஷ்டம். அம்மா, இப்போதைக்கு அந்த நஷ்டத்தை நீங்களே ஏற்றுக்கொள்ளுங்களேன்.

கேள்வி: “அம்பு வடிவில் பறக்கும்போது முன்னால் போகும் பறவையே தலைவன்” என்று எங்கள் சங்கத் தலைவர் மேடையில் பேசினார். உண்மையா?
– ஓர் உறுப்பினர்

பதில்: முன்னால் போவது பதவி அல்ல, சுமை. அதன் சிறகு கிளப்பும் மேல்காற்றில் சுகமாக வருவது பின்னால் இருப்பவைதான். மனிதர் வளர்த்த 14 அரிவாள் மூக்கன்களைச் சிறு விமானத்தின் பின்னால் பறக்கவிட்டு ஆராய்ந்தார்கள். முன்னால் எவ்வளவு நேரமோ, ஏறக்குறைய அவ்வளவு நேரம்தான் ஒவ்வொன்றும் பின்னாலும் பறந்தது. ஓசியில் வந்த பறவை ஒன்றும் அகப்படவில்லை. உங்கள் தலைவர் எப்போது பின்வரிசைக்கு வருகிறாராம்? கேட்டு எழுதுங்கள்.