பேரை வெட்டுவதற்கு முன் ஒரு கணக்கு

கேள்வி: இலங்கை மலையகத்தில் தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் 11 வருடமாகக் கொழுந்து எடுக்கிறேன். நாட்சம்பளம் 1350 ரூபாய் (2025ஆம் ஆண்டுக் கணக்கு). நுவரெலியா ஹோட்டல் ஒன்றில் துப்புரவு வேலைக்கு மாதம் 40,000 தருகிறார்களாம். கணவரும் தோட்டத்தில்தான் இருக்கிறார். பேரை வெட்டிவிட்டு, அதாவது தோட்ட வேலையிலிருந்து விலகி, போகலாமா?

பதில்: போகலாம் தங்கச்சி. ஆனால் 40,000த்தை 1350உடன் நேராக ஒப்பிட வேண்டாம்.

மாதம் 22 பேர் போட்டால், அதாவது 22 நாள் வேலை பதிந்தால், உங்களுக்கு 29,700 ரூபாய். அதில் சேமலாபத்துக்கு (EPF) 8 வீதம் வெட்டுவார்கள்; அதுவும் உங்கள் காசுதான். கம்பெனி தன் பங்குக்கு 12 வீதமும், நம்பிக்கை நிதிக்கு (ETF) 3 வீதமும் கட்ட வேண்டும். கம்பெனி கட்டும் இந்த இரண்டும் மட்டும் 4,455 ரூபாய். வேலையை விட்டுப் போகும்போது தரும் சேவைக்காலப் பணம் வருடத்துக்கு 14 நாள் சம்பளம், அதாவது 18,900. மாதத்துக்குப் பிரித்தால் 1,575. எல்லாம் கூட்டினால் 35,730 வருகிறது. ஹோட்டல்காரர் சேமலாபம் கட்டாவிட்டால் மிச்சம் 4,270தான். அதையும் தினசரி பஸ் காசு தின்றுவிடும்.

அதனால் முதலில் கேட்க வேண்டியது இது: சேமலாபம் கட்டுவீர்களா, எத்தனை பேர் வேலை செய்கிறார்கள்? 15 பேருக்குக் குறைந்த இடமென்றால் 1983ஆம் ஆண்டுச் சட்டப்படியான சேவைக்காலப் பணம் அங்கே கிடையாது. 15 பேர் இருந்தாலும் ஐந்து வருடம் முடித்தால்தான் கிடைக்கும்.

தோட்டத்தின் மறுபக்கமும் உங்களுக்குத் தெரிந்ததுதான். கிலோ குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம்; கொழுந்து இல்லாத மாதத்தில் 22 பேர் எங்கே? குளவிக்கும் அட்டைக்கும் யாரும் சம்பளம் தருவதில்லை. ஹோட்டல் முறையாகப் பதிந்து வேலை தருமென்றால், என் வாக்கு ஹோட்டலுக்கே.

தோட்டம் கொடுத்த லயன் வீட்டை நினைத்துப் பயப்பட வேண்டாம். கணவரின் பேர் தோட்டத்தில் இருக்கும்வரை வீட்டை விடச் சொல்லும் பேச்சு எழுவது அரிது. இருவரும் ஒன்றாகப் பேரை வெட்டுவதுதான் ஆபத்து.

வேலைக்குப் போகாமல் நின்றுவிடாதீர்கள். தோட்டத் துரைக்கு (மேலாளருக்கு) விலகல் கடிதம் கொடுத்து, பிரதியில் திகதியும் கையெழுத்தும் வாங்குங்கள். 11 வருடம் முழுதாக முடிந்திருந்தால் சேவைக்காலப் பணமாக 2,07,900 ரூபாய் உங்களுக்குச் சேர வேண்டும், அதுவும் 30 நாளுக்குள். தராவிட்டால் அந்தப் பிரதியோடு தொழில் திணைக்கள அலுவலகத்துக்குப் போங்கள். சேமலாபம் உங்கள் கணக்கிலேயே கிடக்கும். 50 வயதில் எடுக்கலாம்.