குழந்தைகளோடு லிஸ்பன்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஜூனில் ஆறு நாள் லிஸ்பனில் தங்குகிறோம். பிள்ளைகளுக்கு மூன்று வயது, எட்டு வயது. எதை எப்போது பார்ப்பது? – வாசகி, மதுரை

பதில்: இடங்களைப் பட்டியல் போடும் முன் நேர வித்தியாசத்தைக் கணக்கில் எடுங்கள். ஜூனில் லிஸ்பன் நமக்கு நாலரை மணி நேரம் பின்னால். ஊரில் காலை ஆறரைக்கு எழும் குழந்தை அங்கே அதிகாலை இரண்டு மணிக்கே எழுந்து உட்காரும், மாலை நாலு, ஐந்து மணிக்கெல்லாம் கண் சொருகும். அங்குள்ள உணவகங்களிலோ இரவுச் சாப்பாடு ஏழு, ஏழரைக்குத்தான் தொடங்கும். நம் கணக்கில் அது கிட்டத்தட்ட நள்ளிரவு. முதல் இரண்டு மூன்று நாள் இரவில் வெளியே சாப்பிடப் போக வேண்டாம். மதியமே வயிறாரச் சாப்பிட வைத்துவிடுங்கள். வெளிச்சம் ஒன்பது மணிக்கும் இருக்கும் என்பதால், ஜன்னலை முழுக்க மறைக்கும் திரையோ கதவோ உள்ள அறையாகக் கேட்டு எடுப்பது முக்கியம்.

சீக்கிரம் விழிப்பதை நல்லதாக்கிக்கொள்ளலாம். கடற்கரையைக் காலையில் வையுங்கள். வெயில் ஏறியபின் ஓசியனாரியோ என்ற மீன்காட்சியகம். 1998 உலகக் கண்காட்சிக்காகக் கட்டியது. நடுவிலுள்ள தொட்டி மட்டும் ஐம்பது லட்சம் லிட்டர். அதை மேல்தளம், கீழ்த்தளம் இரண்டிலிருந்தும் பார்க்கலாம். சிறியவர்களுக்குக் கீழ்த்தளக் கண்ணாடிதான் சொர்க்கம். மெட்ரோவில் ஓரியென்டே நிலையத்தில் இறங்குங்கள், சுற்றுப்புறம் சமதளம்.

பெலேம் பகுதிக்கு ஒரு காலை ஒதுக்குங்கள். அங்குள்ள ஜெரோனிமோஸ் மடத்துத் தேவாலயத்தில் வாஸ்கோட காமாவின் கல்லறை இருக்கிறது. 1498, கோழிக்கோடு என்று பாடப்புத்தகத்தில் படித்த பிள்ளைக்கு அது பெரிய விஷயம். திங்கட்கிழமை விடுமுறை. லிஸ்பனுக்குப் பக்கத்து ஊரான சின்ட்ராவின் அரண்மனைகளை மூன்று வயதுக் குழந்தையோடு தவிர்ப்பதே நல்லது. அங்குள்ள பேனா அரண்மனை நுழைவுச்சீட்டில் உள்ள நேரம் அரண்மனை வாசலுக்கானது. பூங்கா வாசலிலிருந்து அங்கே மேடேறி நடக்கவே அரை மணி ஆகும் என்பது தெரியாமல் பலர் நேரத்தைத் தவறவிடுகிறார்கள்.

கேள்வி: தள்ளுவண்டி கொண்டுபோகலாமா? ரயில், டிராம் டிக்கெட் எப்படி? – வாசகர், திருச்சி

பதில்: கொண்டுபோங்கள், ஆனால் சக்கரம் பெரிதாக இருக்கட்டும். நடைபாதைகளில் கையகலச் சுண்ணாம்புக் கற்களைப் பதித்திருப்பார்கள். சின்னச் சக்கரம் கல்லிடுக்கில் மாட்டும், குழந்தை குலுங்கிக்கொண்டே வரும். நனைந்தால் அந்தக் கல் வழுக்கவும் செய்யும். அல்ஃபாமா போன்ற படிக்கட்டுச் சந்துகளுக்கு இடுப்பில் கட்டிக்கொள்ளும் பைதான் சரி. புகழ்பெற்ற 28-ஆம் எண் டிராமில் வண்டியை ஏற்ற இடமிருக்காது, நெரிசலில் பிக்பாக்கெட்டும் அதிகம். ஏறத்தான் வேண்டும் என்றால் காலையில் முதல் சில வண்டிகளில், தொடக்க நிறுத்தமான மார்ட்டிம் மொனிஸில் வரிசை நின்று ஏறுங்கள். பெலேம் போகும் 15-ஆம் எண் வழித்தடத்தில் தாழ்தளப் புது டிராம்கள் ஓடுகின்றன, அவை வசதி.

நவகான்டே என்ற அட்டை அரை யூரோ. ஒருவருக்கு ஓர் அட்டை. ஒரே அட்டையை இரண்டு பேருக்குத் தட்ட முடியாது. அதில் பணம் ஏற்றினால் மெட்ரோ, டிராம், புறநகர் ரயில் எல்லாவற்றுக்கும் செல்லும். பிள்ளைக்கு நாலு வயது ஆகும்வரை டிக்கெட் வேண்டாம். நாலு முதல் பன்னிரண்டு வயதுவரை ரயிலில் அரை டிக்கெட், அதைக் கவுன்டரில் கேட்டு வாங்குங்கள். இறங்கும் நிலையத்திலும் அட்டையைத் தட்டினால்தான் கதவு திறக்கும், எனவே பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள்.

இன்னொன்று: 2016-இல் வந்த சட்டப்படி, இரண்டு வயது வரையிலான கைக்குழந்தையோடு வருபவருக்கு வரிசையில் முன்னுரிமை உண்டு. தயங்காமல் முன்னே போய்க் கேளுங்கள்.

கேள்வி: குழந்தைகள் இறங்கக்கூடிய கடற்கரை எது? – வாசகி, கோவை

பதில்: லிஸ்பனின் காய்ஷ் டோ சொட்ரே நிலையத்திலிருந்து கஷ்காய்ஷ் என்ற கடலோர ஊருக்கு ரயில் பிடியுங்கள், சுமார் நாற்பது நிமிடம். அந்த ஊர் நிலையத்திலிருந்து ஐந்து நிமிட நடையில் கொன்செய்சாவ், டுகேசா என்று ஒட்டினாற்போல் இரண்டு கடற்கரைகள். வளைகுடாவுக்குள், தெற்கு பார்த்து இருப்பதால் அலை தணிவு. அங்கிருந்து சில கிலோமீட்டரில் உள்ள கின்ஷு மேற்கு பார்த்தது. அங்கே மணல் முகத்தில் அறையும், நீரோட்டமும் வலுவானது, குழந்தைகளோடு வேண்டாம். வழியிலுள்ள கர்கவேலோஸ் அகன்ற மணற்பரப்பு, எட்டு வயதுப் பிள்ளை ஓடியாட நல்லது. ஆனால் அலைச்சறுக்கு வகுப்பு நடக்குமளவுக்கு அலை உண்டு.

தண்ணீர் சில்லென்றிருக்கும், கோடையிலும் 17 முதல் 20 டிகிரிதான். வடகாற்று மேல்நீரைக் கடலுக்குள் தள்ளிவிட, அடியிலுள்ள குளிர்நீர் மேலே வருவதே காரணம். பிற்பகலில் அந்தக் காற்று பலக்கும். காலையில் போகச் சொல்வது இதற்காகவும்தான். உதடு நீலம் பாய்வதற்குள் கரையேற்றித் துவட்டுங்கள். ஓதம், அதாவது கடல்மட்டம், மூன்று மீட்டருக்கும் மேல் ஏறி இறங்கும் நாட்கள் உண்டு. காலையில் விரித்த துண்டு மதியம் நனையும், ஆகவே அன்றைய ஓத நேரத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

பச்சைக் கொடி என்றால் குளிக்கலாம். மஞ்சள் என்றால் கால் நனைக்கலாம், நீந்தக் கூடாது. சிவப்பென்றால் தண்ணீரில் இறங்கவே கூடாது. நீல வெள்ளைக் கட்டம் போட்ட கொடி, காவலர் தற்காலிகமாக இல்லை என்பதற்கு.

ஓதம் இறங்கிய ஆழமற்ற மணலில் பெய்ஷ் அரான்யா என்ற சிறு மீன் புதைந்து கிடக்கும். முதுகு முள்ளில் விஷம். மிதித்தால் குழந்தை துடித்துவிடும். ரப்பர் அடிப்பாகம் உள்ள நீர்க்காலணி போட்டால் பெரும்பாலும் தப்பலாம். குத்திவிட்டால் காவலரிடம் ஓடுங்கள். தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் அரை மணிக்குமேல் காலை வைத்திருக்க வேண்டும், அந்த விஷம் சூட்டில் சிதையும். வெந்நீரை முதலில் உங்கள் கையில் சோதித்துப் பாருங்கள். ஐஸ் வைக்காதீர்கள். மூச்சுத் திணறலோ முக வீக்கமோ தெரிந்தால் அவசர உதவி எண் 112-ஐ அழையுங்கள்.

கேள்வி: நாங்கள் சைவம். பிள்ளைகளுக்கு என்ன கொடுப்பது, ஊரிலிருந்து என்ன கொண்டுபோகலாம்? – வாசகி, கும்பகோணம்

பதில்: நெய், பால்கோவா, பால் பேடா எடுத்துப் போகாதீர்கள். வெளிநாட்டிலிருந்து பால், இறைச்சிப் பொருள்களைப் பயணிகள் கொண்டுவர ஐரோப்பிய ஒன்றியத்தில் தடை. கைக்குழந்தைப் பால்மாவு, உறை பிரிக்காததாக, இரண்டு கிலோவரை சரி. பச்சைக் கறிவேப்பிலையும் கூடாது. பருப்புப்பொடி, ரசப்பொடி, அவல் போதும். அடுப்பு இன்டக்‌ஷனாக இருந்தால் அலுமினிய குக்கர் சூடேறாது. அடி தட்டையான, இன்டக்‌ஷனுக்கு ஏற்ற எவர்சில்வர் குக்கர் எடுங்கள். அரிசி, பருப்பு மார்ட்டிம் மொனிஸ் பக்கத்துத் தெற்காசியக் கடைகளில் கிடைக்கும்.

உணவகத்தில் 'கால்டு வெர்ட்' சூப்பில் பன்றி இறைச்சித் துண்டு மிதக்கும். 'சோப்பா டி லெகூமிஷ்' காய்கறி சூப், அதிலும் இறைச்சிச் சாறு சேர்த்தார்களா என்று கேளுங்கள். புகழ்பெற்ற நாட்டா இனிப்பில் முட்டை உண்டு. கேட்காமலே மேசைக்கு வரும் ரொட்டி, ஆலிவ், பாலாடைக்கட்டிக்குக் காசு. வேண்டாமென்றால் தொடாமல் திருப்பிக் கொடுங்கள்.

கேள்வி: விசாவில் குழந்தைகளுக்கு என்ன வேறுபாடு? – வாசகர், சேலம்

பதில்: ஆறு வயதுக்குள் கட்டணம் இல்லை, ஆறு முதல் பதினொன்று வரை 45 யூரோ, பெரியவர்களுக்கு 90. பன்னிரண்டு வயதுக்குள் கைரேகை தேவையில்லை. விண்ணப்பத்தில் பெற்றோர் இருவரின் கையெழுத்தும், பிறப்புச் சான்றும் வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம். கோடையில் நேரம் கிடைப்பது கடினம் என்பதால் மார்ச்சிலேயே பதிவு செய்யுங்கள். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு, ஒவ்வொரு பிள்ளையின் பெயரிலும் இருக்க வேண்டும்.